வரப்பில் பறித்த கீழாநெல்லி

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் வெண்ணாற்றங்கரைக் கிராமம் எங்களுடையது. என் அம்மாயி கைமருந்துக்குப் பேர் போனவர். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதி வைத்த நோட்டு ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்து மூன்று வருடமாகக் கரிசலாங்கண்ணித் தைலம், கீழாநெல்லிப் பொடி, ஆவாரம்பூவும் சிறுகுறிஞ்சானும் சேர்ந்த பொடி எல்லாம் செய்கிறேன். வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் நானே பறிக்கிறேன். இப்போது வெளியூரிலிருந்து விலைக்குக் கேட்கிறார்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடும் என் மாமியார் இரண்டு மாதமாக என் ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான் பொடியையும் சேர்த்துச் சாப்பிடுகிறார். போன வாரம் இரண்டு தடவை விடிகாலையில் வேர்த்துக் கொட்டி மயக்கம் வந்தது. எதிர் வீட்டில் 12 வயதுப் பையனுக்குக் காய்ச்சலோடு கண் மஞ்சளாகி, கீழாநெல்லி கேட்கிறார்கள். இயற்கைப் பொருள்தானே, பயமில்லாமல் கொடுக்கலாமா? இதையே தொழிலாகச் செய்யலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தைப் படித்ததும் அதில் இருந்த எண்ணுக்குப் போன் செய்து இரண்டு விஷயம் சொன்னேன். பையனை இன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். மாமியாருக்குப் பொடியை நிறுத்துங்கள். காரணம் சொல்ல அப்போது நேரமில்லை. உங்களைப் போல் கைமருந்து செய்கிறவர்கள் டெல்டாவில் நிறையப் பேர் இருப்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன். கும்பகோணம் பக்கம் இருபத்தைந்து வருடமாகச் சித்த வைத்தியம் பார்க்கிறேன். செடிகள் மேல் எனக்கு இருக்கும் நம்பிக்கை உங்களுடையதைவிடக் குறைந்ததில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் பையன். மஞ்சள் காமாலை ஒரே ஒரு நோயின் பெயர் இல்லை. பல நோய்களில் வரும் ஒரு நிறம் அது. அசுத்தமான தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ, ஈ காமாலைகள் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். கீழாநெல்லி கொடுத்தாலும் இறங்கும், கொடுக்காவிட்டாலும் இறங்கும். பித்தப்பைக் கல் குழாயை அடைத்தாலும் கண் மஞ்சளாகும். அந்தக் கல்லை எந்தச் சாறும் நகர்த்தாது. இவற்றைவிட நம் பக்கத்தில் நான் பயப்படுவது எலிக் காய்ச்சலுக்குத்தான். எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலும் தேங்கிய தண்ணீரிலும் நிற்கும்போது, காலில் இருக்கும் கீறல், வெடிப்பு, சேற்றுப்புண் வழியாகக் கிருமி உடம்புக்குள் போய்விடும். நடவுக்குப் போகிறவர்கள், களை எடுக்கிறவர்கள், வாய்க்காலில் குதித்து விளையாடும் பிள்ளைகள் எல்லோருக்கும் வரலாம். காய்ச்சல் அடிக்கும், கெண்டைக்காலைத் தொட முடியாது, கண் சிவக்கும். முற்றினால் மஞ்சள் வரும், சிறுநீரகமும் கெடும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் சாதாரண ஆன்டிபயாடிக் மருந்துக்கே கட்டுப்படுகிற நோய் இது. கீழாநெல்லியும் மோரும் பத்தியமுமாக ஒரு வாரத்தைக் கடத்திவிட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். காய்ச்சலும் மஞ்சளும் சேர்ந்தே இருக்கிறது என்று நீங்கள் எழுதியிருந்த அந்த ஒரு வரிக்காகத்தான் உடனே போனை எடுத்தேன்.

கீழாநெல்லி வெறும் நம்பிக்கை என்று நான் சொல்லவில்லை. ஹெபடைடிஸ் பி கிருமியை நீண்ட நாளாக ரத்தத்தில் சுமப்பவர்களுக்கு அந்தப் பொடியை 30 நாள் கொடுத்துப் பார்த்த சென்னை ஆய்வு 1988-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருடைய ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. நான் படிக்கிற காலத்தில் எங்கள் ஆசிரியர்கள் அதைப் பெருமையோடு சொல்வார்கள். பின்னால் மற்ற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. அதனால் நோய் இன்னதென்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்த பிறகு, மருத்துவர் பார்வையில், துணை மருந்தாக மட்டும் நான் அதைக் கொடுக்கிறேன். காமாலை வந்த பிள்ளைக்கு உப்பில்லாமல், எண்ணெயில்லாமல் கஞ்சித் தண்ணீர் மட்டும் கொடுத்து வாட்டி எடுக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். இட்லி, குழைந்த சோறு, பருப்பு, பழம் எல்லாம் கொடுக்கலாம். பிள்ளை ஓயாமல் தூங்கினாலோ, பேச்சு குழறினாலோ, பல் ஈறில் ரத்தம் கசிந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

அடுத்து மாமியார். விடிகாலை வேர்வை, நடுக்கம், மயக்கம் என்றால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிப்போனதாகத்தான் முதலில் நினைக்க வேண்டும். சிறுகுறிஞ்சான் சர்க்கரையைக் குறைக்கிற செடி. இலையை மென்றுவிட்டுச் சீனியை வாயில் போட்டால் மணலைப் போட்ட மாதிரி இருக்கும். மாத்திரையும் சர்க்கரையைக் குறைக்கிறது. இரண்டும் சேரும்போது சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கிவிடலாம். மாத்திரைக்கும் பொடிக்கும் நடுவில் ஒரு மணி நேரம் விட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். ஆகாது, இரண்டும் நாள் முழுக்க உடம்பில் வேலை செய்கிறவை. மறுபடி அப்படி வந்தால் உடனே மூன்று ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். வீட்டில் கருவி இருந்தால் சோதித்துப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் அது தாழ்சர்க்கரை. நினைவு இல்லாதவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிப் போக வேண்டும். பொடியை நிறுத்திய கையோடு மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள். மாத்திரைச் சீட்டையும் பொடி டப்பாவையும் ஒரே பையில் எடுத்துக்கொண்டு, மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் போய் எதையும் மறைக்காமல் காட்டுங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். ‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்று நம் முன்னோர் சொன்னார்கள். அவர்கள் காலத்தில் ஆவாரையோடு சேர்த்துச் சாப்பிட வேறு மாத்திரை இல்லை.

இனி நான் விரிவாகப் பேச நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் நானே பறிக்கிறேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அங்கேதான் கவலை.

வைத்தியம் ஆரம்பித்த புதிதில், விவசாய வேலை செய்யும் ஒருவருக்குக் கீழாநெல்லியைச் சமூலமாக, வேரோடு பிடுங்கி அரைத்து மோரில் குடிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். மறுநாள் சாயங்காலம் வாந்தியும் வயிற்று எரிச்சலுமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். செடி சரியான செடிதான், அளவும் சரிதான். பறித்த இடத்தை மட்டும் நான் கேட்டிருக்கவில்லை. முதல் நாள்தான் அந்த வரப்பில் களைக்கொல்லி அடித்திருக்கிறார்கள். அடித்துச் சில நாள் போன பிறகுதான் செடி வாடும். அவர் பிடுங்கும்போது பச்சைப் பசேலென்று இருந்திருக்கிறது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்து தேறி வந்தார். அன்றிலிருந்து என்னிடம் மூலிகை கொண்டுவருகிற யாரிடமும் முதல் கேள்வி, இது எங்கே நின்றது என்பதுதான்.

உங்கள் அம்மாயி அதே வரப்பில்தான் பறித்தார். ஆனால் அவர் சின்ன வயதில் வயலுக்குப் போனது தொழுவுரமும் ஆட்டுக்கிடையும் தழையுரமும். குறுவை, சம்பா, தாளடி என்று எந்தப் போகம் ஆனாலும் இப்போது விதைப்பிலிருந்து கதிர் வரைக்கும் மருந்துதான். வயலில் போடும் குருணை மருந்து தண்ணீரில் கரைந்து பயிரின் வேர் வழியே ஏறுகிறது. பயிருக்கும் வரப்புச் செடிக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. மேலே படிந்ததைக் கழுவலாம். தண்டுக்குள்ளும் இலைக்குள்ளும் ஊடுருவியதைக் கழுவ முடியாது. எலி வளைக்குப் பக்கத்தில் வைக்கும் விஷப்பொரியும் அதே வரப்பில்தான் கிடக்கும். வல்லாரை, பொன்னாங்கண்ணி, நீர்முள்ளி மாதிரி ஈரத்தில் வளர்கிறவை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். வல்லாரை தான் நிற்கும் மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள உலோகங்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஊர்ச் சாக்கடை கலக்கும் வாய்க்காலில் கொழுகொழுவென்று படர்ந்திருக்கும் வல்லாரையைப் பார்த்தால் பறிக்கக் கை நீளும், தெரியும். பறிக்காதீர்கள்.

இதற்கு நான் கண்ட வழி கொல்லைதான். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர் பாயாத ஒரு மூலையை ஒதுக்குங்கள். கீழாநெல்லியை விதைக்கக்கூட வேண்டாம். மழை பெய்தால் தானே முளைக்கும், களை என்று பிடுங்காமல் விட்டால் போதும். கரிசலாங்கண்ணிக்குக் கிணற்றடி ஈரம் பிடிக்கும். வல்லாரைக்கு உடைந்த சிமெண்டுத் தொட்டி ஒன்று போதும். தூதுவளையை வேலியில் ஏற்றிவிடுங்கள். ஆடாதோடையை வேலி ஓரத்திலேயே நட்டால் பெயருக்கு ஏற்ற மாதிரி ஆடு தொடாது. கற்பூரவல்லி, நொச்சி, பிரண்டை எல்லாம் ஒடித்து ஊன்றினால் வந்துவிடும். ஆவாரை மட்டும் நம் நஞ்சை மண்ணில் சொன்னபடி கேட்காது, அது புஞ்சைக் காட்டுச் செடி. காய்ந்த பூவாகக் கடையில் வாங்கினால் வேறு மஞ்சள் பூக்கள் கலந்திருக்கிறதா என்று பிரித்துப் பார்த்து வாங்குங்கள்.

செடியை அடையாளம் காண்பதில் உங்களுக்குப் பழக்கம் இருக்கும். இருந்தாலும் இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். கீழாநெல்லியில் காய் இலைக்கு அடியில் சின்னக் காம்போடு தொங்கும். காம்பே இல்லாமல் ஒட்டிக்கொண்டு, தண்டும் சிவந்திருந்தால் அது கூடப் பிறந்த வேறு வகை. கரிசலாங்கண்ணியைக் கசக்கினால் சாறு கொஞ்ச நேரத்தில் கறுக்கும், பெயரே அதிலிருந்து வந்ததுதான். கறுக்கவில்லை என்றால் பெரும்பாலும் வெட்டுக்காயப்பூண்டைப் பறித்திருப்பீர்கள்.

போனில் பேசும்போது, வயிற்றுப் பூச்சிக்கும் மாதவிலக்கு வலிக்கும் ஆடுதின்னாப்பாளைக் கஷாயம் என்று அம்மாயி நோட்டில் இருப்பதாகச் சொன்னீர்களே, அந்தப் பக்கத்தை நீங்கள் இனி பயன்படுத்தவே கூடாது. கரிசல் மண் வயல் ஓரங்களில் சாம்பல் பச்சை இலையோடு தரையில் படர்கிற செடி அது. நம் பழைய வைத்தியத்தில் அதற்கு இடம் உண்டு. ஆனால் அதில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்ற பொருள் இருக்கிறது. அந்தக் குடும்பத்துச் செடி கலந்த, உடல் மெலிவதற்கான மருந்தைச் சாப்பிட்ட பெல்ஜியம் நாட்டுப் பெண்கள் பலருக்கு 1990-களின் தொடக்கத்தில் சிறுநீரகம் செயலிழந்தது. பிறகு சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருட்களின் வரிசையில் அதை வைத்திருக்கிறது. பெருமருந்து என்கிற ஈச்சுரமூலிக் கொடியும் அதே குடும்பம்தான். குடித்தவருக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பாதிப்பு பல மாதம், பல வருடம் கழித்து வரும். அதனால்தான் தலைமுறை தலைமுறையாக யாரும் செடியைச் சந்தேகப்படவில்லை. அம்மாயி மேல் தப்பில்லை. அவர் காலத்தில் கிரியாட்டினின் பார்க்க வழி எங்கே இருந்தது? நமக்கு இருக்கிறது.

குப்பைமேனியையும் வெளிப்பூச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிறவியிலேயே ஒரு நொதி குறைவாக உள்ள சில பிள்ளைகளுக்கு அதை உள்ளுக்குக் கொடுத்தால் ரத்தச் சிவப்பணு உடைந்து, அதனாலேயே காமாலை வரும். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் உள்மருந்து எதையும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

சரி, தைலத்துக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய சின்னப் பாட்டிலைத் திறந்து பார்த்தேன். நல்ல நிறம், நல்ல வாசனை, கைப்பக்குவம் இருக்கிறது. ஆனால் அடியில் துளி ஈரம் நிற்கிறது. இன்னும் கொஞ்ச நாளில் சிக்கு வாடை அடிக்கும். காய்ச்சும்போது பாத்திரத்தின் அடியில் தங்கும் வண்டலை விரலில் எடுத்து உருட்டினால் சேறு மாதிரி ஒட்டுவது முதல் நிலை. மெழுகு மாதிரித் திரளுவது அடுத்தது, அதுதான் மெழுகுப் பதம். மணல் மணலாக உதிர்ந்தால் மணல் பதம். தலைக்குத் தேய்க்கும் தைலத்தை நான் மெழுகுப் பதம் தாண்டி மணலுக்குப் போகிற நேரத்தில் இறக்குவேன். சந்தேகம் இருந்தால் பஞ்சுத் திரியை எண்ணெயில் நனைத்துக் கொளுத்துங்கள். சடசடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது, மறுபடி அடுப்பில் ஏற்ற வேண்டும். கடைசி அரை மணி நேரம் தணல் மட்டும் போதும். அந்த அரை மணி நேரம் பக்கத்திலேயே நில்லுங்கள், போன் வந்தாலும் எடுக்காதீர்கள்.

பொடிக்கு எதிரி நம் ஊர் ஈரக்காற்று. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பொடி இடிக்கவே வேண்டாம். நிழலில் வெள்ளைத் துணியில் உலர்த்தி, கையில் நொறுக்கினால் சத்தம் வரும் வரை காய்ந்த பிறகுதான் இடிக்க வேண்டும். பாதி காய்ந்த இலையில் கண்ணுக்குத் தெரியாமல் பூஞ்சை பிடிக்கும், அதுவே கல்லீரலுக்குக் கெடுதி. கல்லீரலுக்கென்று கொடுக்கும் பொடி கல்லீரலைக் கெடுக்கலாமா? சித்த மருத்துவக் கணக்குப்படி குடிநீருக்கும் சாறுக்கும் ஆயுள் ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம். சூரணத்துக்கு, அதாவது பொடிக்கு, மூன்று மாதம், எண்ணெய்க்கு ஒரு வருடம். இந்தக் கணக்கை நான் இன்றும் மீறுவதில்லை. இடித்த தேதியை டப்பா மேல் எழுதி ஒட்டுங்கள். காலியான தண்ணீர் பாட்டிலில் தைலம் ஊற்றாதீர்கள், கண்ணாடி சீசாதான் நல்லது.

தொழிலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வீட்டுக்குச் செய்வது வேறு, விற்பது வேறு. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி, சித்த மருந்தைத் தயாரித்து விற்க உரிமம் வேண்டும். அதற்குத் தனி இடம், சுத்தமான தயாரிப்பு முறை, படித்த சித்த மருத்துவர் மேற்பார்வை எல்லாம் கேட்பார்கள். விலைக்கு விற்கிற குளியல் பொடிக்கும் சோப்புக்கும்கூட அழகுசாதனப் பொருளுக்கான உரிமம் உண்டு. ‘சர்க்கரை நோய் குணமாகும்’ என்று லேபிளிலோ வாட்ஸ்அப்பிலோ போட்டால் மருந்து விளம்பரம் பற்றிய 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. முகம் தெரியாத ஒருவர் உங்கள் பொடியைச் சாப்பிடும்போது அவருக்கு என்ன நோய், என்ன மாத்திரை என்று உங்களுக்குத் தெரிய வழியில்லை. மாமியாருக்கு மயக்கம் வந்தபோது நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். வெளியூரில் வாங்கியவருக்கு வந்தால் யார் இருப்பார்கள்?

அதனால் இப்போதைக்கு கீழாநெல்லிப் பொடி, சர்க்கரை நோய்ப் பொடி இரண்டையும் விலைக்குக் கொடுப்பதை நிறுத்துங்கள். தைலமும் உரிமம் வரும் வரை வீட்டுக்கு மட்டும் இருக்கட்டும். உணவுப் பொருளுக்கான பதிவு எடுத்துக்கொண்டு பிரண்டைத் தொக்கு, கறிவேப்பிலைப் பொடி, முடக்கத்தான் தோசை மாவு என்று ஆரம்பிக்கலாம். லேபிளில் நோய் பெயர் எதுவும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அதைவிட எனக்குப் பிடித்த யோசனை ஒன்று உண்டு. உங்கள் கொல்லை தயாரானதும் மூலிகை நாற்று விற்கலாம். கரிசலாங்கண்ணிக்கும் வெட்டுக்காயப்பூண்டுக்கும் வித்தியாசம் காட்டி, கூடவே வளர்க்கும் முறையையும் சொல்லிக் கொடுக்க உங்களால் முடியும். அப்படிச் சொல்லிக் கொடுக்கிற ஆள் இப்போது நம் ஊர்களில் குறைந்துகொண்டே போகிறார்கள்.

கடைசியாக அந்த நோட்டு. தஞ்சாவூரில் 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர், தன்வந்திரி மகால் என்று ஒரு மருத்துவக் கூடம் நடத்தினார். நாட்டு வைத்தியர்களும் ஆங்கில வைத்தியம் தெரிந்தவர்களும் அங்கே சேர்ந்து வேலை செய்தார்கள். வந்த நோயாளிக்கு என்ன நோய், என்ன கொடுத்தோம், என்ன ஆயிற்று என்று எழுதி வைத்தார்கள். கண் நோயாளிகளைப் பற்றிய அந்தக் குறிப்புகள் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. உங்கள் நோட்டில் செடியும் அளவும் இருக்கிறது. யாருக்குக் கொடுத்தோம், அப்புறம் என்ன ஆயிற்று என்பது இல்லை. அம்மாயி அதை மனதில் வைத்திருந்திருப்பார். ஒவ்வொரு பக்கத்திலும் இடது ஓரம் காலியாக இருப்பதாகச் சொன்னீர்கள். செடி பறித்த இடம், தேதி, சாப்பிட்டவர், அவர் சாப்பிடும் மற்ற மாத்திரைகள், பலன், தொந்தரவு என்று அங்கே எழுத ஆரம்பியுங்கள். ஆடுதின்னாப்பாளைப் பக்கத்தைக் கிழிக்க வேண்டாம், அது அவர் வாக்கு. குறுக்கே ஒரு கோடு போட்டு, ‘சிறுநீரகத்தைக் கெடுக்கும், கொடுக்கக் கூடாது’ என்று சிவப்பு மையில் எழுதுங்கள். சர்க்கரை நோய்ப் பொடிப் பக்கத்தில் மாமியாருக்கு மயக்கம் வந்த அந்த இரண்டு தேதிகளையும் எழுதுங்கள். அவருடைய கிரியாட்டினின் முடிவு வந்ததும் எனக்குப் போன் செய்யுங்கள்.